பட்டாம்பூச்சித் தோட்டத்தில் புழுவுக்கு இடமுண்டா?

சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சி ஒன்றிற்கு நடுவராக ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தேன். வாயிலருகே ‘பட்டாம்பூச்சித் தோட்டம்’ என்றொரு பலகை. சிமெண்டுக் கரை கட்டிய பாத்திகளில் இட்லிப்பூ, செம்பருத்தி, குரோட்டன்ஸ். ‘செடிகளைத் தொடாதீர்’ என்ற எச்சரிக்கை வேறு! ஓரத்திலிருந்த கறிவேப்பிலைக் கன்றில் மட்டும் இலைகள் கடிபட்டிருந்தன. “புழு விழுந்துவிட்டது சார், நாளைக்கு மருந்தடித்துவிடுவோம்” என்றார் தோட்டக்காரர்.

வாசகர்களே, அந்தப் புழுதானே பட்டாம்பூச்சி!

பூ இருந்தால் பட்டாம்பூச்சி வரும் என்பது பாதி உண்மைதான். தேன் குடிக்க வரும், குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட அதற்கு வேறு செடி வேண்டும். பெண் பூச்சி இலைமீது அமர்ந்து முன்னங்கால்களால் சுவை பார்த்து, தன் குஞ்சு தின்னக்கூடிய இலைதானா என்று தேர்ந்த பின்னரே முட்டையிடுகிறது. கருஞ்சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட ஓர் இனத்திற்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வேண்டும். அதன் இளம்புழு பறவை எச்சம் போலிருக்கும். வளர்ந்தபின் பச்சை நிறம். தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவை ஒன்று நீண்டு, நாற்றம் வீசும்! செம்மஞ்சள் சிறகுடைய வேறோர் இனம் எருக்கிலையைத் தின்று, அதன் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தவிர்க்கின்றன. பள்ளிகளிலோ எருக்கு களையென்று பிடுங்கப்படுகிறது. அதன் பால் கண்ணில் பட்டால் தீங்கு என்பது மெய்யே. வேலியோரம் ஒன்றிரண்டை விட்டுவைத்து, கைகழுவக் கற்றுக்கொடுத்தால் போதாதா?

2001-02இல் தேசிய பசுமைப் படை தொடங்கி இருபதாண்டுகளுக்கு மேலாகிறது. ஆயினும் நான் பார்த்த பள்ளிகளில், நட்ட கன்றுகளின் எண்ணிக்கையும் வரிசையின் ஒழுங்குமே தோட்டத்தின் மதிப்பெண்கள். ஓட்டை விழுந்த இலை அங்கே குற்றம்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். பூச்சியியல் என் துறையன்று. எனினும் ஓர் எலுமிச்சைக் கன்று, ஓர் அளவுகோல், வரைபடத்தாள் இவற்றை வைத்தே எத்தனை பாடம் நடத்தலாம்! புழுவின் நீளத்தை நாள்தோறும் அளக்கட்டும். தின்னப்பட்ட இலையின் பரப்பைக் கட்டங்களை எண்ணிக் கணக்கிடட்டும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறித்தால், கோடு எங்கே செங்குத்தாக ஏறுகிறது, எந்நாளில் உண்பது நிற்கிறது என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

அன்றைய கண்காட்சியில் முதற்பரிசு பெற்றது, பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைக் காட்டும் தெர்மகோல் மாதிரி. மதிப்பெண் போட்டவர்களில் நானும் ஒருவன்.