விக்டோரியா நினைவகத்தில் நம் மலைக்கோட்டை

கொல்கத்தா விக்டோரியா நினைவகத்துக்குப் போனால் பளிங்கைப் பார்ப்போம், தோட்டத்தைச் சுற்றுவோம், வெளியே ஜால்முரி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். உள்ளே தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் படைத்த ஓவியங்களும் அச்சுப்படங்களும் ஏராளமாக இருக்கின்றன. ஊரிலிருந்து வந்த பெரியம்மாவை அழைத்துப் போயிருந்தேன். காவிரியிலிருந்து பார்த்த திருச்சிப் படத்தைக் கண்டதும், "அட, நம்ம மலைக்கோட்டைடா!" என்றார். எனக்கும் அதே பூரிப்புதான். அது அடங்கிய பிறகுதான் படத்தையே பார்க்க ஆரம்பித்தேன்.

1786-ல் கல்கத்தா வந்த இருவரும் 1792-93-ல் தென்னாட்டைச் சுற்றினார்கள். இருட்டுப் பெட்டியின் வில்லை வழியே காட்சியைத் தாளில் விழச்செய்து, அதன்மேல் கோடு பிடிக்கும் கருவி அவர்களிடம் இருந்தது. தஞ்சை விமானமானாலும் மலைக்கோட்டையானாலும் அளவு தப்பாததற்கு அது ஒரு காரணம். சும்மா சொல்லக்கூடாது, கட்டடங்களைப் பொறுத்தவரை இவை நல்ல சாட்சிகள்.

அந்தக் கோட்டோவியங்கள் லண்டனில் 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 அச்சுப்படங்களாக 1795 முதல் 1808 வரை வெளிவந்தன. முறை அக்வாடின்ட். செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவி, சூடுகாட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் இடுவார்கள். துகள்களின் இடையே அரித்த குழிகளில் மை தங்கும். நேரம் கூடக்கூட நிழல் அடரும். பின்பு கையால் வண்ணம் தீட்டுவார்கள். மென்மையான வானத்துக்கும் சாய்ந்த வெயிலுக்கும் வெகு பொருத்தமான முறை.

என் குறையும் அந்த மென்மையில்தான். 1790 இறுதியில் திப்புவின் படை திருச்சி வரை வந்தது. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்தது 1792-ல், இவர்கள் தெற்கே கிளம்பிய அதே ஆண்டில். படத்திலோ ஆறு அமைதியாகக் கிடக்கிறது. பொதுவாகவே இப்படங்களில் மனிதர்கள், கோபுரம் எவ்வளவு உயரம் என்று காட்டும் அளவுகோலாகத்தான் நிற்கிறார்கள். லண்டனில் விலைகொடுத்து வாங்கியவர்களுக்கு அது போதுமாயிருந்தது.

நமக்குப் போதுமா? வெளியூரில் வாழும் நாமும் ஊரை இப்படித்தானே மனதில் மாட்டி வைத்திருக்கிறோம்: கோயில், ஆறு, மாலை வெயில். அங்கே இருப்பவர்களின் பாடு அதில் வருவதில்லை.

பிள்ளைகளை அழைத்துப் போங்கள். "இதுதான் நம்ம ஊரு" என்று காட்டுங்கள். "இதுல இருக்கிறவங்க யாரு, அன்னிக்கு என்ன சாப்பிட்டிருப்பாங்க?" என்றும் கேளுங்கள்.