நாவின் முடிச்சும் நம் அவசரமும்

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அந்தச் சிறு தொலைவுக்குச் சீட்டு வாங்க ஓர் இளைஞர் பட்ட பாட்டைப் பேருந்தில் நாம் கண்டோம். ஊர்ப்பெயரின் முதல் எழுத்திலேயே அவர் நா நின்றுவிட்டது. 'சிவகாசியா?' என்றார் நடத்துநர். பின்னிருக்கையில் ஒருவர் அந்தத் திக்கலை அப்படியே நடித்துக்காட்ட, சிரிப்பு எழுந்தது. இளைஞர் தலையசைத்துச் சிவகாசிக்கே சீட்டு வாங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் போனார்.

அவர் இறங்கிய ஊர் பெரியாழ்வாரின் ஊர். கண்ணனின் குழந்தைப் பருவங்களைப் பாடிப் பிள்ளைத்தமிழுக்கு வித்திட்டவர் அவர். அந்த வடிவத்தில் முஸ்லிம் புலவர்கள் நபிகள் நாயகத்தைப் பாடினர். குழலையும் யாழையும்விட மழலையே இனிது என்பது வள்ளுவர் கண்ட முடிபு. குழந்தையின் குழறலை இவ்வளவு கொண்டாடிய மொழியில், வளர்ந்த ஒருவரின் தடுமாற்றத்துக்குக் கிடைத்தவை திக்குவாய், கொன்னைவாய் என்னும் சொற்கள். அவை குறையின் பெயராக நில்லாமல், ஆளைக் கூப்பிடும் பெயராகவே ஆகிவிட்டன.

நம் திரைப்படங்கள் திக்கிப் பேசுவோரைப் பெரும்பாலும் நகைச்சுவைக்கே அழைத்துள்ளன. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் திக்கலைப் பொருளாகக் கொண்டு 2010இல் வந்த 'தி கிங்ஸ் ஸ்பீச்' வேறு வகை. 1939இல் போர் தொடங்கிய வேளையில் அவர் வானொலியில் ஆற்றிய உரையே அதன் உச்சக் காட்சி. அடுத்த சொல் வரும்வரை மூச்சடக்கிக் காத்திருந்தோம். பேசுபவர் அரசராயிருந்தால்தான் காத்திருப்போம் போலும்!

வயது வந்தோரில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத் திக்கல் உண்டு, ஆண்களிடமே மிகுதி. அறிவுக் குறைவோ கோழைத்தனமோ இதற்குக் காரணமன்று. பேச்சை இயக்கும் மூளையின் செயற்பாட்டிலும் பரம்பரையிலும் அதன் வேர் இருக்கிறது. பாடும்போதும் பலரோடு சேர்ந்து ஓதும்போதும் அவர்களில் பலருக்குத் திக்குவதில்லை. நாமோ இன்னும் நாவில் வசம்பு உரைத்துத் தடவிக்கொண்டிருக்கிறோம்.

தம் நாவின் முடிச்சு அவிழ வேண்டும் என மூஸா நபி (அலை) இறைஞ்சியதைத் தாஹா அத்தியாயம் கூறுகிறது. தெளிவாகப் பேசவும் இயலாதவர் என்று அவரை மக்கள் முன் இழித்துரைத்தவன் யார்? ஸுக்ருஃப் அத்தியாயத்தைப் புரட்டினால் தெரியும்: ஃபிர்அவ்ன். அந்தப் பேருந்தின் பின்னிருக்கைக் குரல் எவருடைய வழிவந்தது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

திக்கித் திணறித் திருமறை ஓதுபவருக்கு இரு மடங்கு நற்கூலி என்பது நபிமொழி. அதை மேடைதோறும் முழங்கும் நாமே, மீலாது விழாப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் எழுதும்போது திக்கும் பையனைக் கடைசி வரிசையில் உட்கார வைக்கிறோம். அவனுக்கு ஐந்து நிமிடத்துக்குப் பதிலாகப் பத்து நிமிடம் கொடுத்த விழா ஒன்றையும் நாம் இதுவரை கண்டதில்லை.