பூட்டுவதற்கு முன் திருத்த வேண்டிய ஏடு

செஞ்சியில் ஓர் ஏக்கர் நிலம் வாங்குபவர் குறைந்தது இரண்டு அலுவலகங்களின் ஏடுகளை நம்பியாக வேண்டும். கிரயப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது. பட்டா வட்டாட்சியர் அலுவலகக் கணக்கில் இருக்கிறது. முதலாவது, பதிவுத்துறையின் ஸ்டார் மென்பொருளில் ஓடுகிறது. இரண்டாவது, வருவாய்த்துறையின் ‘தமிழ்நிலம்’ மென்பொருளில். செஞ்சிக் கோட்டையை ஒட்டிய மனை என்றால் இந்தியத் தொல்லியல் துறையின் கணக்கும் சேர்ந்துகொள்ளும். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டிய 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்டலாம். வில்லங்கச் சான்றைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. பதிவான பத்திரங்களை மட்டுமே அது காட்டும். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு, இந்த ஏடுகள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க வேண்டிய அவசரம் கூடியிருக்கிறது.

இந்த முரண்பாட்டுக்கு மருந்தாகப் பரிந்துரைக்கப்படுவது பிளாக்செயின், அதாவது ஏறிய பதிவை அழிக்க முடியாதபடி பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பதிவுச் சங்கிலி. தமிழக அரசு 2020 செப்டம்பரிலேயே பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. அடுத்து மின்னாளுமை முகமை ‘நம்பிக்கை இணையம்’ என்ற பிளாக்செயின் கட்டமைப்பை உருவாக்கியது. மத்திய அரசு 2024 செப்டம்பரில் ‘விஷ்வஸ்யா’ பிளாக்செயின் தளத்தைத் தொடங்கியது. 2025 நவம்பரில் சமியுல்லா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சொத்துப் பதிவில் இத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றி ஆராயும்படி சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. ஆகவே இது தொலைவில் இருக்கும் கனவல்ல. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளோடு இதை எங்கே, எப்படி இணைப்பது என்பதை இப்போதே பேசியாக வேண்டும்.

முதலில் இதன் வலிமை. ஒரு பத்திரம் பதிவாகி ஸ்கேன் செய்யப்பட்டதும், அந்தக் கோப்பை ஷா-256 என்ற கணக்கு முறைக்குள் செலுத்தினால் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி கிடைக்கும். ஹாஷ் என்பது அதுதான். பத்திரம் பழையபடி பதிவுத்துறை சர்வரிலேயே இருக்கும். ஹாஷ், ஆவண எண், புல எண், நேரம் ஆகியவை மட்டும் சங்கிலியில் ஏறி, பல இடங்களில் உள்ள கணினிகளில் ஒரே சமயத்தில் பதிவாகும். பத்து ஆண்டு கழித்து அந்தப் பத்திரத்தின் ஒரு பக்கத்தை யாராவது மாற்றி வைத்திருந்தால், ‘ஐந்து செண்ட்’ என்பதை ‘ஐம்பது செண்ட்’ ஆக்கியிருந்தால், மறுபடி கணக்கிடும்போது வேறு வரி வரும், குட்டு உடைந்துவிடும். அலுவலகத்துக்கு உள்ளேயிருந்தே செய்யப்படும் திருத்தல் வேலைக்கு இதைவிட நல்ல தடுப்பு எனக்குத் தெரியவில்லை. ஜார்ஜியா நாடு நிலப் பதிவில் செய்ததும் இதுதான்: பழைய பதிவேட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சான்றுகளின் ஹாஷை மட்டும் பிட்காயின் சங்கிலியில் பொறித்தார்கள். சங்கிலி நாளை நின்றுபோனாலும் பத்திரப் பதிவு நிற்காது.

பழைய அமைப்பைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சங்கிலியை உட்கார வைக்க முயன்றவர்கள் சூடுபட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை தன் பங்கு வர்த்தகத் தீர்வு அமைப்பையே இப்படி மாற்றப் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு, 2022 நவம்பரில் கைவிட்டது. ஏறத்தாழ 25 கோடி ஆஸ்திரேலிய டாலர் நட்டக் கணக்கில் போனது. அதே மாதம் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கும் ஐபிஎம்மும் டிரேட்லென்ஸ் என்ற தங்கள் சரக்குப் போக்குவரத்துப் பிளாக்செயின் தளத்தை மூடுவதாக அறிவித்தன. அங்கே தொழில்நுட்பம் பழுதில்லை. கப்பல் துறை முழுவதும் ஒத்துழைக்க முன்வரவில்லை.

குறைகளில் மிகப் பெரியது உள்ளே போகும் தகவலில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமக் கணக்கைப் புதுப்பிக்க 1979 முதல் 1987 வரை யுடிஆர் என்ற நிலவுடமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அன்று விடுபட்ட பெயர், மாறிப்போன உட்பிரிவு, குறைந்துபோன பரப்பு ஆகியவற்றைச் சரிசெய்யச் சொல்லி இன்றும் வட்டாட்சியர் அலுவலகங்களில் மனுக்கள் குவிகின்றன. அந்தக் கணக்குத்தான் கணினிக்குள் போனது. அதையே சங்கிலிக்குள்ளும் ஏற்றினால், அண்ணன் பெயருக்குப் போய்விட்ட தம்பியின் பங்கு, அழிக்க முடியாத ஆதாரம் என்ற புதிய பெருமையோடு எதிரில் நிற்கும். ஆள் மாறாட்டம் செய்து பதிந்த பத்திரத்தையும் சங்கிலி இதே விசுவாசத்தோடுதான் காக்கும். கோப்பு மாறவில்லை என்று அது சொல்லும். கையெழுத்துப் போட்டவர் உண்மையான உரிமையாளரா என்று அதனால் சொல்ல முடியாது.

சட்டமும் இந்த இடத்தில் கை கொடுக்கவில்லை. நம் நாட்டில் பதிவாவது பத்திரம்தானே தவிர உரிமை அல்ல. விற்பவர் மூலப்பத்திரத்தைக் காட்டி உரிமையை நிறுவ வேண்டும் என்ற தமிழ்நாட்டின் 55-ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. உரிமையை விசாரிப்பது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்றும் தெளிவாக்கியது. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழிவகுத்த 77-ஏ பிரிவையும் 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றிருந்தது. சங்கிலியில் ஒரு திருத்தப் பதிவைச் சேர்ப்பது மென்பொருளாளருக்கு எளிது. அந்தத் திருத்தத்தைச் சேர்க்கும் அதிகாரம் யாருக்கு என்பதைச் சட்டம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் ஒளிக்காமல் கேட்க வேண்டும்: எல்லாச் சிக்கலுக்கும் பிளாக்செயின் தேவையா? உட்பிரிவு தேவைப்படாத முழுப் புலத்துக்குப் பத்திரம் பதிவானதும் பட்டா தானாக மாற வழி வந்துவிட்டது. உட்பிரிவு வேண்டும் என்றால் சர்வேயர் வந்து அளக்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பழைய பட்டாவைக் காட்டி அதே நிலத்தை இன்னொருவருக்கு விற்க முடிகிறது. ‘மாறுதல் நிலுவையில்’ என்ற ஒரு குறிப்பு இரு அலுவலகத் திரையிலும் உடனே தோன்றினால் போதும். கோட்டையைச் சுற்றிய 300 மீட்டர் எல்லையும் அப்படித்தான். புல வரைபடத்தின் மேல் ஒரு கோடு வரைந்து காட்டினால் வாங்குபவர் பிழைத்தார். இரண்டுக்குமே பிளாக்செயின் தேவையில்லை. துறைகள் தங்கள் தரவைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தாலே முடியும் காரியம் இது. சங்கிலியின் பெயரால் வரும் திட்டங்களில் பாதிப் பயன் இந்தச் சாதாரண இணைப்பிலிருந்தே வருகிறது என்பது என் கணிப்பு.

அப்படியானால் சங்கிலிக்கு என்ன வேலை? ஒருவரையொருவர் முழுதாக நம்ப முடியாத தரப்புகள் ஒரே ஏட்டை வைத்துக்கொள்ளும்போதுதான் அதன் செலவுக்கு அர்த்தம் உண்டு. எல்லாக் கணினிகளும் ஒரே துறையின் தரவு மையத்தில், ஒரே நிர்வாகியின் கடவுச்சொல்லுக்குக் கீழ் இருந்தால், அவர் நினைத்தால் எல்லாவற்றையும் மாற்றி எழுதலாம். பிரதிகளுள் ஒன்று நீதித்துறையிடமும், இன்னொன்று நிலத்தை ஈடாக வைத்துக் கடன் தரும் வங்கிகளிடமும் இருக்க வேண்டும். பெயரும் ஆதார் எண்ணும் சங்கிலியில் ஏறவே கூடாது. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. அழிக்க முடியாத ஏட்டில் அதை நிறைவேற்ற வழியில்லை.

செஞ்சி வட்டத்தில் இதைத் தொடங்குவதென்றால் நான் கேட்பது இந்த வரிசையைத்தான். கிராமம் கிராமமாக வில்லங்கத்தையும் பட்டாவையும் ஒப்பிட்டு, முரண்படும் புல எண்களை ஊர்ப் பொது இடத்தில் ஒட்ட வேண்டும். ஆட்சேபம் கேட்டு, சர்வேயரை அனுப்பி அளந்து, யுடிஆர் பிழைகளைத் தீர்க்க வேண்டும். தகராறு உள்ள புலத்தைத் ‘தகராறில் உள்ளது’ என்றே குறித்து வைக்கலாம். அப்படிச் சரிபார்த்து முடித்த கிராமத்தின் ஏட்டுக்கு மட்டும் ஹாஷ் பொறித்தால் போதும். மற்றவை தங்கள் முறைக்குக் காத்திருக்கட்டும்.