காலை எங்கே வைப்பது?

ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் 650, ஷாட்கன் 650 இரண்டையும் அருகருகே நிறுத்தி வையுங்கள். ஒன்று நீளவாக்கில் படுத்துக் கிடக்கிறது. மற்றொன்று தோளைக் குறுக்கிக்கொண்டு, அடுத்த நொடி கிளம்பிவிடுவதுபோல் நிற்கிறது. இரண்டின் வயிற்றுக்குள்ளும் இருப்பது ஒரே எஞ்சின்: 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன், ஆறு கியர். சட்டகமும் ஒரே குடும்பம். எடையில்கூட ஒரு கிலோதான் வித்தியாசம்: சூப்பர் மீட்டியார் 241, ஷாட்கன் 240. முன்னது 2023 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது, பின்னது சரியாக ஓராண்டு கழித்து. இரண்டும் உருவாவது சென்னையை அடுத்த ஆலைகளில்.

அப்படியிருந்தும் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், இரண்டும் வேறு வேறு வண்டிகள் என்றுதான் சொல்வார்கள். அந்த வேறுபாடு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடிக்கொண்டு போனால், எஞ்சினையும் டேங்கையும் தாண்டி, ஃபுட்ரெஸ்ட் என்ற சின்ன இரும்புத் துண்டில் போய் நிற்கிறோம். காலை எங்கே வைக்கிறோம் என்பதிலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கிறது.

அதற்கு முன், இரண்டுக்கும் பொதுவான அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டாக வேண்டும். அதை ரசிக்காமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒரு முழுச் சுழற்சி 720 டிகிரி. பழைய புல்லட்டின் ஒற்றை சிலிண்டர் அதில் ஒரே ஒருமுறை வெடிக்கும். இந்த இரட்டை சிலிண்டரில் கிராங்க் 270 டிகிரி விலக்கி வைக்கப்பட்டிருப்பதால், ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 270 டிகிரி, அதன்பின் 450 டிகிரி. கணக்குப் போட்டால் மூன்றுக்கு ஐந்து. தொடையில் ஆதி தாளம்போல் எட்டு எண்ணிக்கொண்டு, ஒன்றிலும் நான்கிலும் மட்டும் தட்டிப் பாருங்கள். அதுதான் இந்த வண்டியின் நடை. ஒன்றிலும் ஐந்திலும் தட்டினால் வரும் சமமான ஓட்டம் பழைய பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் வண்டிகளுடையது. அந்த ஒரு எண்ணிக்கை முன்னே தள்ளி விழுவதில்தான் இந்தச் சத்தத்துக்கு ஒரு நொண்டலும் அழகும் வருகிறது. 90 டிகிரி வி-ட்வின் எஞ்சின்களின் வெடிப்பு இடைவெளியும் இதேதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பெரிய வண்டி என்று காது நம்புவதற்கு அதுவே காரணம்.

இனி கால்.

சூப்பர் மீட்டியாரில் ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருக்கிறது. சீட்டின் உயரம் 740 மில்லிமீட்டர்தான். உட்கார்ந்ததும் முழங்கால் விரிந்து கால் முன்னே நீள்கிறது, ஹேண்டில்பார் தானாக நம் கைக்கு வந்து சேர்கிறது, முதுகு நிமிர்கிறது. 15.7 லிட்டர் டேங்க் முன்பக்கம் உயர்ந்து, சீட்டை நோக்கி வழிந்து இறங்கும் கோடு இருக்கிறதே, அதைப் பக்கவாட்டில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டின் உச்சியிலிருந்து கிளம்பி டேங்கின் தோளைத் தொட்டு, ஓட்டுபவரின் இடுப்பில் இறங்கி, பின் மட்கார்டின் வளைவில் முடிகிறது. முன் வீல் 19 அங்குலம், பின் வீல் 16. முன்னது பெரிதாகவும் பின்னது சிறிதாகவும் இருப்பதால் வண்டி நிற்கும்போதே பின்னால் சாய்ந்த தோற்றம். ராயல் என்ஃபீல்டில் தலைகீழ் ஃபோர்க்கும் எல்இடி ஹெட்லைட்டும் முதலில் வந்தது இந்த வண்டியில்தான். ஆனால் புதுமையைக் காட்டிக்கொள்ளாமல் பழைய உருவத்துக்குள் அடக்கி வைத்திருக்கிறார்கள். அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டி, போக்குவரத்து குறைந்து, மணிக்கு எண்பதில் போகும்போது இந்த உட்காரும் முறையின் பொருள் விளங்கும். உடம்பு எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. வண்டி நேர்கோட்டில் தானே போகிறது. முன் ஃபோர்க்கின் சாய்வு 27.6 டிகிரி, இரு வீல்களுக்கும் இடையே 1500 மில்லிமீட்டர் தூரம். இவை இரண்டும் சேர்ந்து கொடுக்கும் நிதானம் அது. நூறைத் தாண்டினால் மட்டும் கதை மாறும். நிமிர்ந்த மார்பில் காற்று முழுதாக அறையும், கைகள் ஹேண்டிலைப் பற்றித் தொங்க ஆரம்பிக்கும். கண்ணாடித் தடுப்பு பொருத்தினால் இந்தக் குறை பாதி தீரும்.

ஷாட்கனில் ஃபுட்ரெஸ்ட் நடுவில், ஏறக்குறைய இடுப்புக்கு நேர் கீழே. சீட் 795 மில்லிமீட்டர், அதாவது சூப்பர் மீட்டியாரைவிட இரண்டு அங்குலத்துக்கும் சற்றே கூடுதலான உயரம். ஹேண்டில்பார் தட்டை. ஓட்டுபவர் லேசாக முன்னே குனிந்து, மூன்று புள்ளிகளில் எடையைப் பகிர்ந்துகொள்கிறார்: கை, இடுப்பு, பாதம். வண்டியின் உருவமும் அந்த உடலமைப்பைப் பின்பற்றுகிறது. ஹெட்லைட்டைச் சுற்றிய மூடி ஃபோர்க்கின் தலையை அணைத்துக்கொள்கிறது. எஞ்சினும் சைலன்சர்களும் முழுக்கக் கறுப்பு. டேங்க் 13.8 லிட்டருக்குச் சுருங்கிவிட்டது.

ஆனால் என் கண் திரும்பத் திரும்பப் போவது சீட்டுக்கு. பின் சீட்டைக் கழற்றிவிட்டால் ஓட்டுபவரின் சீட் மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே வெறும் வெளி. அந்த வெளிதான் இந்த வண்டியின் முக அடையாளம். அமெரிக்க இளைஞர்கள் சென்ற நூற்றாண்டின் நடுவில் மட்கார்டை வெட்டி, வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்து, வண்டியை இலேசாக்கி ஓட்டினார்கள். பாபர் என்ற பாணி அப்படிப் பிறந்தது. அவர்கள் ரம்பத்தால் செய்ததை இங்கே ஆலையிலேயே செய்திருக்கிறார்கள், அதுவும் வேண்டும்போது பின் சீட்டைத் திரும்ப மாட்டிக்கொள்ளும் வசதியோடு. 2021-இல் மிலான் கண்காட்சியில் எஸ்ஜி650 என்ற பெயரில் மாதிரி வண்டியாகக் காட்டியதை, கூர்மை குறையாமல் சாலைக்குக் கொண்டுவந்தது அரிய காரியம். மாதிரி வண்டிகள் பெரும்பாலும் விற்பனைக்கு வரும்போது மழுங்கித்தான் வரும்.

எண்களில் பார்த்தால் மாற்றம் மிகச் சிறிது. பின்பக்கம் உயர்ந்திருக்கிறது, முன் வீல் 18 அங்குலமாகக் குறைந்திருக்கிறது, பின் வீல் 17 ஆகியிருக்கிறது. அதனால் ஃபோர்க் நிமிர்ந்து 25.3 டிகிரிக்கு வந்துவிட்டது. வீல்களுக்கு இடையிலான தூரத்தில் 35 மில்லிமீட்டர் குறைவு. இந்த இரண்டேகால் டிகிரியும் முப்பத்தைந்து மில்லிமீட்டரும் என்ன செய்துவிடும் என்று கேட்பவர், ஏலகிரி ஏறிப் பார்க்கட்டும். புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில் சூப்பர் மீட்டியாரைச் சொல்லிச் சொல்லித் திருப்ப வேண்டும். கொஞ்சம் ஆர்வமாகச் சாய்த்தால் ஃபுட்ரெஸ்ட் தார்ச்சாலையை உரசிவிடும். ஷாட்கன் நம் பார்வை போன பக்கம் திரும்பிவிடுகிறது.

நம் ஊர்ச் சாலைக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது: வேகத்தடை. கால் முன்னே நீட்டியிருக்கும் வண்டியில், அறிவிப்பில்லாத வேகத்தடை வந்தால் எழ முடியாது. அடி முழுவதும் முதுகுத்தண்டின் அடிநுனியில் இறங்கும். கால் இடுப்புக்குக் கீழே இருந்தால் பாதத்தை ஊன்றி ஒரு விரற்கடை எழுந்துவிடலாம். ஷாட்கனின் பின் ஷாக் அப்சார்பர் 90 மில்லிமீட்டர்தான் அசைந்து கொடுக்கும், சூப்பர் மீட்டியாரில் 101. தாளில் ஷாட்கன்தான் கடினமான வண்டி. குழிகளில் அது தெரியவும் செய்கிறது. ஆனாலும் எழுந்துகொள்ளும் சுதந்திரம் அந்தப் பதினோரு மில்லிமீட்டரை ஈடுகட்டிவிடுகிறது என்பது என் அனுபவம்.

ஆகவே தனியாக ஓட்டுகிறவருக்கும், நகரத்துக்குள்ளும் மலைப்பாதையிலும் அதிகம் போகிறவருக்கும் ஷாட்கனே என் தேர்வு. உயரம் குறைந்தவர்கள், 241 கிலோ எடையை சிக்னலில் இரண்டு பாதமும் முழுதாக ஊன்றித் தாங்க விரும்புகிறவர்கள், நான்கு வழிச் சாலையில் நாள் முழுக்கப் போகிறவர்கள் சூப்பர் மீட்டியாரை வாங்கட்டும். நீண்ட சாலைக்கு அதைவிட அமைதியான துணை இந்த விலையில் கிடைக்காது.

ஒரு வேண்டுகோள். ஷோரூமுக்குப் போகும்போது, உங்கள் பின்னால் உட்காரப் போகிறவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். இரண்டு வண்டியிலும் அவரை ஏற்றி, குறைந்தது அரை மணி நேரம் மோசமான சாலையில் ஓட்டிப் பாருங்கள். அவர் இறங்கிச் சொல்லும் பதிலைக் கேட்டபிறகு முன்பணம் கட்டுங்கள்.