செஞ்சிக் கோட்டையில் ஒரு குமாஸ்தா

செஞ்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருகிறவன் தேசிங்கு ராஜன். 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் சேனையை எதிர்த்துப் போய், இளம் வயதிலேயே களத்தில் மாண்டவன். கதைப்பாட்டு அவனைப் பாடியது. 1960-இல் சினிமாவும் அவனைக் கொண்டாடியது. ஒரே பகலில் முடிந்துவிடும் வீரம் பாட்டுக்கு ரொம்பப் பொருத்தமானது.

நான் சொல்ல வந்தது அவனைப் பற்றியல்ல. அவனுக்கு இருபது வருஷங்களுக்கு முன்னால், அதே மலைகளின் அடிவாரத்தில் கூடாரம் போட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி. அவர் பெயர் பீம்சேன். 1649-இல் புர்ஹான்பூரில் பிறந்தவர். உத்தியோகஸ்தர்கள் நிறைந்த காயஸ்தர் குடும்பம். மொகலாயப் படைத்தலைவர்களில் ஒருவரான தளபத் ராவ் புந்தேலாவிடம் காரியதரிசியாக இருந்தார். இன்றைய பாஷையில் சொன்னால், ஆபீஸ் குமாஸ்தா. அவர் தம் காலத்து நிகழ்ச்சிகளைப் பாரசீக மொழியில் எழுதி வைத்தார். ஜதுநாத் சர்க்கார் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1972-இல் பம்பாயில் அச்சாயிற்று. நூலின் பெயர் 'நுஸ்கா-இ-தில்குஷா'. தில்குஷா என்றால் மனத்துக்கு மகிழ்ச்சி தருவது என்று அர்த்தம். இவ்வளவு அலுப்பைச் சொல்லும் புத்தகத்துக்கு இப்படி ஒரு பெயர்!

சரித்திர ஆசிரியர்கள் இதைத் தேதிகளுக்காகப் புரட்டுவார்கள். நாவல் எழுதுகிறவனான எனக்கு இது வேறு விதமாகப் படுகிறது. உத்தியோகம் ஒரு மனிதனை எப்படிக் கரைக்கிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்து எழுதிய, நம் தேசத்தின் பழைய புத்தகங்களில் ஒன்று இது.

1690-இல் சுல்பிகார் கான் செஞ்சியை முற்றுகையிட வந்தான். உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதில்களால் இணைத்துக் கட்டிய கோட்டை. அதைச் சுற்றி வளைக்க வந்த படை போதவில்லை. 1692 கடைசியில் மராட்டியக் குதிரைப் படைகள் வந்து சேர்ந்தபோது, முற்றுகையிட வந்தவர்களே முற்றுகைக்குள் அகப்பட்டுக்கொண்டார்கள். தானியம் தேடி வந்தவாசிக்கு ஓடவேண்டியிருந்தது. 1698 தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். ஏழு வருஷத்துக்கு மேல் பாடுபட்டுப் பிடித்த கூண்டில் பறவை இல்லை!

பசியும் வெயிலும் எல்லா யுத்தங்களிலும் உண்டு. பீம்சேனின் புத்தகத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் வேறு. சுல்பிகார் கான் மனம் வைத்திருந்தால் வந்த நாளிலேயே கோட்டையைப் பிடித்திருக்கலாம். தங்கள் லாபத்துக்காக வேலையை இழுத்தடிப்பது தளபதிகளின் வழக்கம் என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதிவிடுகிறார். அவர் கணிப்பு யுத்த சாஸ்திரப்படி சரியா என்பது வேறு கேள்வி. ஒரு குமாஸ்தா அப்படி நம்பிக்கொண்டே வருஷக்கணக்கில் தினமும் பேரேட்டைத் திறந்தார் என்பதுதான் முக்கியம். வேலை பளு மனிதனைக் களைக்க வைக்கும். தூங்கி எழுந்தால் களைப்பு போய்விடும். இந்த வேலை முடிவதை மேலே இருப்பவர்கள் விரும்பவில்லை என்ற எண்ணம் வந்துவிட்டால், எந்தத் தூக்கமும் அதைத் தீர்க்காது. எண்ணெய் வற்றிய பிறகும் விளக்கு எரிகிறதே, அப்போது கருகுவது திரிதான்.

இன்னோர் இடத்தில், ஓயாத படையெடுப்பினால் கூடாரத்திலேயே பிறந்து, கூடாரத்திலேயே மூப்படைந்து, வீடு என்ற ஒன்றை அறியாத தலைமுறையைப் பற்றிச் சொல்கிறார். அழுகையில்லை, ஆவேசமில்லை. கணக்கு எழுதுகிற அதே கையெழுத்தில் துக்கத்தையும் பதிந்துவிடுகிறார்.

இந்தக் கருகலுக்கு 1974-இல் பிராய்டன்பர்கர் என்ற மனநூல் நிபுணர் அமெரிக்காவில் ஒரு பெயர் கொடுத்தார். 2019-இல் உலக சுகாதார ஸ்தாபனம், இது வியாதியல்ல, வேலை செய்யும் சூழ்நிலையில் விளைவது என்று விளக்கி, மூன்று அடையாளங்கள் கூறியது: சக்தி வற்றிப்போதல், வேலையின் மேல் கசப்பும் விலகலும், நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். பீம்சேனிடம் முதல் இரண்டும் தெரிகின்றன. மூன்றாவது இல்லை. ஏன்?

புதுமைப்பித்தனின் 'மனித யந்திரம்' கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை நாற்பத்தைந்து வருஷமாகப் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறவர். ஓர் இரவு கடைப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடத் துணிகிறார். துணிவு கலைந்து திரும்பி வந்துவிடுகிறார். மறுநாள் அதே கடை, அதே கணக்கு. இதைத் திருட்டுக் கதையாகப் படிப்பவர்கள் உண்டு. நாணயத்தின் வெற்றியாகப் படிப்பவர்களும் உண்டு. எனக்கு இது மூச்சுத் திணறியவர் ஒரு தரம் தலையைத் தூக்கிப் பார்த்த கதை. கடைக் கணக்கைத் தவிர அவருக்கென்று வேறு கணக்கு இல்லை. பீம்சேனுக்கு இருந்தது. எஜமானரின் பேரேடு ஒன்று. தம்முடைய ஏடு ஒன்று. தென்னாட்டுக் கோயில்களையும் ஜனங்களின் பழக்கங்களையும் ஆச்சரியத்தோடு அதில் எழுதினார். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அந்த ஏடுதான் அவரைக் காப்பாற்றியது என்பது என் அபிப்பிராயம்.

குறைகளும் உண்டு. மற்றத் தளபதிகளைக் குத்தும் பேனா, தம் எஜமானரைக் கண்டால் பணிந்துவிடுகிறது. குமாஸ்தாவின் அலுப்பு ஏட்டில் ஏறியது. சுமை தூக்கியவனின் அலுப்பு அவ்வளவாக ஏறவில்லை. ஏடு அவரைக் காப்பாற்றியதே தவிர, முற்றுகையை ஒரு நாளும் குறைக்கவில்லை. நாலு நாள் லீவு போட்டு மலை ஏறிவிட்டு வா என்று உபதேசிப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஓய்வு மனிதனைச் சீராக்கும். திரும்பிப் போகும் இடம் சீராகாவிட்டால், சோர்வு வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கும்.

நம் நாவல்களில் கதாநாயகன் காலையில் ஆபீஸுக்குப் புறப்படுவான். அடுத்த வரியில் மாலை ஆகிவிடும். இடையில் போன எட்டு மணி நேரத்தை நம்மில் எழுதியவர்கள் குறைவு. படிக்கிறவர்களில் பெரும்பாலோர் வாழ்வது அந்த எட்டு மணி நேரத்தில்தான். அதனால்தான் வீட்டுக்கு வந்து முகம் கொடுத்துப் பேசாதவனைச் சோம்பேறி என்கிறோம், சிடுமூஞ்சி என்கிறோம். அவன் எந்த முற்றுகையிலிருந்து வருகிறான் என்று கேட்பதில்லை.

செஞ்சியைப் பார்க்கப் போகிறவர்கள் தேசிங்குக்காகப் போகட்டும். மலையடியில் கொஞ்சம் நின்று, அங்கே பேரேட்டோடு உட்கார்ந்திருந்த மனிதரையும் நினைத்துக்கொள்ளட்டும். அவரைப் பற்றித் தமிழில் ஒரு நாவல் வரவேண்டும். யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.