மீட்டர் சொல்லாத கணக்கு

2011 வரவுசெலவுத் திட்டம் இறக்குமதி வரியையும் கலால் வரியையும் எடுத்துவிட்டதில், 2013 முடியும்வரை மலேசியாவில் ஹைப்ரிட் கார்கள் வந்து குவிந்தன. ப்ரியஸ், ப்ரியஸ் சி, இன்சைட், ஜாஸ் ஹைப்ரிட் என்று அந்தத் தலைமுறை வண்டிகள் பினாங்கில் இன்னமும் ஓடுகின்றன. பலவற்றில் மீட்டர் 200,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அவற்றைக் குறிவைத்து 'ஹை மைலேஜ் பேக்கேஜ்' என்று பட்டறைகள் ஒரு புதுச் சடங்கைத் தொடங்கியிருக்கின்றன. எஞ்சினைக் கழுவுவது, த்ரோட்டல் பாடியைக் கழுவுவது, போனால் போகிறதென்று பேட்டரியில் ஒரு 'ரீகண்டிஷன்'. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே: மீட்டர் ஒரு பெரிய எண்ணைத் தொட்டுவிட்டது.

வருமுன் காப்பது நல்லதுதான். நேரத்துக்கு மினியாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) மாற்றிய எஞ்சினுக்கும் மாற்றாத எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடு வால்வு மூடியைக் கழற்றினால் கண்ணிலேயே தெரியும். பினாங்குப் பாலத்தின் நடுவில் வண்டி நின்று இழுவை லாரிக்குக் காத்திருப்பதைவிட, முன்கூட்டியே நாலு காசு செலவழிப்பது மலிவு. இதில் சண்டையில்லை. எதை வைத்து 'முன்' என்று தீர்மானிக்கிறோம் என்பதில்தான் சண்டை.

கிலோமீட்டரை நம்புகிறவர்கள் தவறாமல் காட்டும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2011இல் 208,000 மைல் ஓடிய 2002ஆம் ஆண்டு ப்ரியஸ் ஒன்றைச் சோதித்தது. புதிதாக இருந்தபோது அந்த மாடல் கொடுத்த எரிபொருள் சிக்கனத்தை அது ஏறக்குறைய அப்படியே கொடுத்தது. சோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்பது ஆண்டில் ஏறத்தாழ 335,000 கிலோமீட்டர் என்றால் நாளுக்கு நூறு கிலோமீட்டர். அப்படி ஓடும் வண்டி சாலை நெரிசலில் நிற்பதைவிட உருள்வதே அதிகம். நம் ஊரில் 13 ஆண்டில் 200,000 ஓடிய ப்ரியஸுக்கு நாளுக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர்தான். மிச்ச நேரமெல்லாம் அது எங்கே, எப்படி நின்றது என்று யாரும் கேட்பதில்லை. செருப்பின் தேய்மானத்தைப் பார்த்து ஆளின் வயதைச் சொல்வதுபோல மீட்டரைப் பார்த்து வண்டியின் வயதைச் சொல்கிறோம்.

மாலை ஐந்தரைக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலிருந்து பாலத்தை நோக்கி நகரும் வரிசையில் ஒரு ப்ரியஸை வைத்துப் பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கிறது, சக்கரம் சுற்றவில்லை, மீட்டரும் அசையவில்லை. ஏர்கோண்டின் கம்ப்ரெஸர் மட்டும் ஹைப்ரிட் பேட்டரியின் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. சார்ஜ் ஓரளவு இறங்கியதும் எஞ்சின் உறுமி எழுந்து ஏற்றிவிட்டு மறுபடி அணைகிறது. ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம். ஒரு மணி நேரத்தில் பேட்டரி உழைத்த உழைப்புக்கு மீட்டரில் ஏறியது சில கிலோமீட்டர். அதே வண்டி கோலாலம்பூருக்கு நெடுஞ்சாலையில் போய் வந்தால் எழுநூறு கிலோமீட்டர் ஏறிவிடும். பேட்டரி அந்த அளவுக்கு அலைக்கழிந்திருக்காது. எது வண்டியை அதிகம் தேய்த்தது? அடுத்த சர்வீஸுக்குக் கிலோமீட்டர் குறித்துப் பட்டறை ஒட்டும் ஸ்டிக்கரைக் கேட்டால் நெடுஞ்சாலை என்று சொல்லும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்குச் சூடு ஆகாது. ப்ரியஸில் அதைக் குளிர்விப்பது, பயணிகள் உட்காரும் இடத்துக் காற்றை உறிஞ்சும் ஒரு சிறு விசிறி. உறிஞ்சும் துவாரம் பின்சீட்டின் பக்கவாட்டில் இருக்கிறது. அதன்மேல்தான் நாம் சந்தைப் பையைச் சாய்த்து வைக்கிறோம். பின்சீட்டையும் பக்கப் பலகையையும் கழற்றி விசிறியை வெளியே எடுத்தால், இதழ்களுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணிபோலத் தூசி அப்பியிருக்கும். சீட்டு நூல், தலைமுடி, பூனை வளர்க்கும் வீடென்றால் பூனை முடியும். விரல் நகத்தால் உரித்தால் பட்டையாக வரும். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும், காற்றுதான் போகாது. எத்தனை 'பேக்கேஜ்' பட்டியலில் இந்த விசிறி இருக்கிறது?

பிரேக்கைப் பார்த்துவிட்டுப் பட்டறை போர்மன் "பேட் இன்னும் புதுசாத்தான் இருக்குண்ணே" என்பார். உண்மைதான். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பாதிக்குமேல் மோட்டாரே மின்சாரமாக்கி விழுங்கிவிடுவதால் பேட் தேய்வதில்லை. அதனாலேயே கேலிப்பர் ஊசிகள் அசைவின்றிக் கிடந்து கடற்காற்றில் இறுகிப்போகின்றன. பிரேக் எண்ணெயோ ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் கெடு ஆண்டுக் கணக்கில்தான். ஸ்டிக்கரிலும் '10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முந்தியோ அது' என்றுதான் இருக்கிறது. பின்பாதியை யார் படிக்கிறார்கள்? (அந்த முன்பாதியும் பழைய வண்டி வாங்குகிறவருக்கு எவ்வளவு உதவும் என்பது, மீட்டரை யாரும் திருப்பவில்லை என்ற நம்பிக்கையைப் பொறுத்தது.)

இந்தக் கிலோமீட்டர் கணக்கின் உச்சக் கூத்து பேட்டரி வைத்தியம். மூன்றாம் தலைமுறை ப்ரியஸின் பேட்டரியில் 28 கட்டைகள் தொடராக இணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆறு செல், மொத்தம் 168. டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்ததும், செத்த கட்டையை மட்டும் பிடுங்கிவிட்டு ஹாஃப் கட் கடையில் வாங்கிய இன்னொன்றைச் செருகித் தருகிறார்கள். தொடரில் ஓடும் மின்சாரம் எல்லாக் கட்டைக்கும் ஒன்றுதான். தாங்கும் சக்திதான் வேறு வேறு. புதிதாக வந்தது ஒரு பக்கம் இழுக்க, பதின்மூன்று ஆண்டு வெந்த மற்றவை வேறு பக்கம் இழுக்க, சில மாதத்தில் அடுத்த கட்டை சாகும். அதையும் மாற்றுவார்கள். பெரும்பாலும் நடுவில் இருப்பவையே முதலில் போகின்றன, ஏனென்றால் சூடு தேங்குவது அங்கேதான். சூடு ஏன் தேங்கியது என்று பார்த்தால் மறுபடி அந்த விசிறியில் வந்து நிற்போம். விசிறியைத் தொடாமல் கட்டையை மட்டும் மாற்றிக் கொடுத்து, அதை வருமுன் காப்பு என்று பில்லில் எழுதுகிறவர் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார். மென்மையாகச் சொல்ல எனக்கு வேறு வார்த்தையில்லை. முழுப் பேட்டரிக்குப் பணமில்லாதவர் என்னதான் செய்வார் என்று கேட்கலாம். பணமில்லாதவரிடம்தான் அதே வேலைக்கு மூன்று முறை வாங்குகிறார்கள்.

போர்மன்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பட்டறையின் லாபம் உதிரிப்பாகத்தில் இருக்கிறது. ஃபில்டர் மாற்றினால் ஃபில்டர் விற்கும், எஞ்சினைக் கழுவினால் அதற்குரிய திரவப் புட்டி விற்கும். விசிறியைக் கழற்றித் தூசி தட்டினால் விற்க ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு மணி நேரக் கூலி மட்டும்தான். அந்தக் கூலியைக் கேட்டால் "தூசி தட்டவா இவ்வளவு?" என்று முறைக்கிறவர்களும் நாம்தான். புட்டிக்குக் கேள்வி கேட்காமல் கொடுப்போம். தனியார் கார்களுக்கு இந்நாட்டில் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனையும் இல்லை, ஆகவே வெளியிலிருந்து யாரும் வந்து இதைத் திறந்து பார்க்கப் போவதில்லை.

அடுத்த முறை பட்டறையில் 200,000 கிலோமீட்டர் பட்டியலை நீட்டினால், அதில் எஞ்சின் ஃபிளஷை அடித்துவிட்டுப் பின்சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கேலிப்பர் ஊசிகளுக்கு கிரீஸ், பிரேக் எண்ணெய் மாற்றம், இன்வெர்ட்டரின் தனிக் கூலண்ட் தொட்டியில் அளவு. கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். விசிறியிலிருந்து எடுத்த தூசியைக் காட்டச் சொல்லவும் மறக்க வேண்டாம்.