‘சோங் ஒவ் சிலோன்’: தூரத்துப் பார்வையாளரும் பேசாத மனிதரும்

ஒரு நாட்டு மக்களின் வாழ்வை மற்றொரு நாட்டு மக்களுக்குப் படமாக்கிக் காட்ட முனையும் விவரணப்படக் கலைஞன் இருவகைப் பொறுப்புகளை ஏற்கின்றான். அறியாதார்க்கு விளங்கும்படி காட்டுதல் ஒன்று. காட்டப்படுவோர்க்குப் பொய்யாகாதபடி காட்டுதல் மற்றொன்று. முன்னது கலைநுட்பம் சார்ந்தது. பின்னது மனித உறவு சார்ந்தது. விவரணப் படங்கள் பற்றிய நமது விமர்சனங்கள் பெரும்பாலும் முன்னதோடு நின்றுவிடுகின்றன. ஒளிப்பதிவு அழகாக உள்ளதா, படத்தொகுப்பு செம்மையாக உள்ளதா என்று கேட்கிறோமே தவிர, இப்படம் யாரை நோக்கிப் பேசுகின்றது, யாருடைய குரலில் பேசுகின்றது என்று கேட்பதில்லை. இவ்வினாக்களை எழுப்புவதற்கு நம் நாட்டிலேயே படமாக்கப்பட்ட ‘சோங் ஒவ் சிலோன்’ மிகப் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும்.

1934ஆம் ஆண்டில் உருவான இப்படத்தை நெறிப்படுத்தியவர் பசில் ரைட். தயாரித்தவர் ஜோன் கிரியேர்சன். நடப்புலகை ஆக்கபூர்வமாகக் கையாளும் கலையே விவரணப் படம் என்ற கோட்பாட்டை முன்வைத்து, பிரித்தானிய விவரணப்பட இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் கிரியேர்சன். படத்துக்கான செலவை ஏற்றது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. உலகப் பொருளாதார மந்தத்தினால் தேயிலை விலை வீழ்ந்திருந்த காலம் அது. 1933இல் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தமொன்றின்படி தேயிலை உற்பத்தி நாடுகள் தம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. எனவே வெளிநாட்டாரிடையே தேயிலைப் பாவனையை வளர்ப்பதே சபையின் நோக்கமாயிருந்தது. ஆயினும் ரைட் விளம்பரப் படம் எடுக்கவில்லை. 1935இல் பிறசல்ஸ் திரைப்பட விழாவில் முதற் பரிசு பெற்ற அப்படம், இன்றும் உலகத் திரைப்பட வரலாற்று நூல்களில் தவறாது இடம்பெறுகின்றது.

அப்புகழ் தகுதியற்றதன்று. படம் நான்கு பகுதிகளாக அமைந்துள்ளது. முதற் பகுதி சிவனொளிபாத மலையேறும் யாத்திரிகர்களைக் காட்டுகின்றது. இரண்டாவது கிராமத்தின் அன்றாடத் தொழில்களைக் காட்டுகின்றது. மூன்றாவது ‘வணிகத்தின் குரல்கள்’ எனப் பெயர் பெற்றது. நான்காவது பொலன்னறுவைச் சிலைகளின் முன் நிகழும் வழிபாட்டோடும் கண்டிய நடனத்தோடும் நிறைவுறுகின்றது. ஒலியும் காட்சியும் ஒன்றையொன்று வெறுமனே விளக்காமல் ஒன்றோடொன்று மோதிப் புதிய பொருளைப் பிறப்பிக்கும் முறையினை இத்துணைத் துணிவுடன் கையாண்ட படங்கள் அக்காலத்தில் மிகச் சிலவே. வோல்ரர் லீயின் இசையும் பறையொலியும் மனிதக் குரல்களும் பின்னிப் பிணைந்து வருகின்ற அந்த ஒலித்தடம் இன்றைய மாணவனும் கற்கத்தக்கது.

இனி, அறியாதார்க்கு விளக்குதல் என்ற முதற் பொறுப்பை ரைட் எவ்வாறு நிறைவேற்றினார் என நோக்குவோம். இலங்கையைக் கண்டிராத ஐரோப்பியப் பார்வையாளனுக்கு ஒரு வழிகாட்டி வேண்டும். அவ்வழிகாட்டியாக அவர் தேர்ந்தவர் றொபேட் நொக்ஸ். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிச் சென்ற அந்த ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலின் வாசகங்களே படத்தின் உரையாக அமைந்தன. அவற்றை வாசித்தவர் கொழும்பைச் சேர்ந்த கலைஞர் லயனல் வென்ட். இது நுட்பமானதோர் உத்தி என்பதில் ஐயமில்லை. பழைய ஆங்கில நடை காட்சிகளுக்கு ஒரு தொன்மையையும் கண்ணியத்தையும் அளிக்கின்றது. பயணப் படங்களில் வழக்கமாகக் கேட்கும் உரைகாரனின் ஆரவாரம் இங்கில்லை. வாசிப்பவர் இலங்கையராதலின் அந்நியத் தொனியும் ஓரளவு தணிகின்றது.

ஆயின் இவ்வுத்திக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் நாம் கணக்கிடல் வேண்டும். நொக்ஸ் எழுதியது பதினேழாம் நூற்றாண்டில். இலங்கையில் தேயிலை வணிகப் பயிராகத் தொடங்கியது 1867இல். மலைநாட்டுப் பெருந்தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டதோ பத்தொன்பதாம் நூற்றாண்டில், முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும். ஆகவே நொக்ஸின் குரலைப் படத்தின் குரலாக ஏற்றுக்கொண்ட அக்கணமே, எந்தப் பொருளுக்காகப் படம் எடுக்கப்பட்டதோ அப்பொருளை உற்பத்தி செய்யும் மக்கள் அக்குரலின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டு விடுகின்றனர். இவர்களைப் பற்றிக் கூற நொக்ஸிடம் ஒரு சொல்லும் இல்லை, இருத்தலும் இயலாது. உரையைத் தேர்தல் வெறும் அழகியற் பிரச்சினை அன்று என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தேயிலைத் தொழிலாளர் படத்தில் இல்லாமலில்லை. மூன்றாம் பகுதியில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் காண்கிறோம். ஆனால் அங்கு நொக்ஸின் குரல் ஓய்ந்து, சந்தை விலைகளும் வணிகக் கடிதங்களின் சம்பிரதாய வாசகங்களும் கப்பல் ஒலிகளும் எழுகின்றன. கையின் உழைப்பும் விலைப்பட்டியலும் அருகருகே வைக்கப்படுகின்றன. ரைட் இங்கு வணிகத்தைப் போற்றவில்லை என்றும், ஒலியின் மூலம் அதனை எள்ளலுக்கு உள்ளாக்குகின்றார் என்றும் வாதிக்கலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. செலவை ஏற்றவர்களின் பணத்திலேயே அவர்களின் வணிகத்தை இவ்வாறு கேட்கச் செய்தமை எளிய காரியமன்று. எனினும் அந்த எள்ளலும் இங்கிலாந்துப் பார்வையாளனின் காதுக்கே உரியது. வணிகன் பேசுகின்றான், வணிகனைக் கலைஞன் எள்ளுகின்றான், கொழுந்து பறிப்பவளோ இருவருக்கும் நடுவே பேசாது நிற்கின்றாள். தன் வாழ்வைப் பற்றித் தானே கூறும் ஒரு வாக்கியமும் அவளுக்கு அளிக்கப்படவில்லை.

அக்காலத் தொழில்நுட்பம் அதற்கு இடமளிக்கவில்லை என்பாருளர். ஒலிப்பதிவுக் கருவிகள் பாரமானவை. ரைட் இலங்கையிற் படம்பிடித்த காட்சிகளுக்கு ஒலி இங்கிலாந்திலேயே அமைக்கப்பட்டது. தோட்டத்துப் பேச்சைத் தோட்டத்திலேயே பதிவு செய்வது எளிதன்று என்பது மெய்யே. ஆனால் மறு ஆண்டில், 1935இல், அதே இயக்கத்தைச் சேர்ந்த ஆதர் எல்ரனும் எட்கார் அன்ஸ்ரியும் இலண்டன் சேரிகளைப் பற்றி ‘ஹவுசிங் புறொப்ளம்ஸ்’ என்னும் படத்தை உருவாக்கினர். அதில் சேரிவாழ் மக்கள் தம் வீட்டுக்குள் நின்று, கமெராவை நேரே நோக்கி, எலியையும் ஈரச் சுவரையும் பற்றித் தம் சொந்தப் பேச்சில் கூறுகின்றனர். தம் அயலில் வாழும் ஏழைக்கு வழங்கிய ஒலிவாங்கியை அவ்வியக்கத்தவர் மலைநாட்டு ஏழைக்கு வழங்க எண்ணினார்களா என்பதே வினா. வென்ட்டுக்கு ஓர் ஏடு கிடைத்தது போல் தொழிலாளிக்கும் ஒரு வாசகம் கிடைத்திருக்கலாம். அதனையும் ஒலிக்கூடத்திலேயே பதிந்திருக்கலாம்.

ஏழையைப் பேசவிட்டால் மட்டும் யாவும் சரியாகிவிடும் என்பது என் கருத்தன்று. ‘ஹவுசிங் புறொப்ளம்ஸ்’ படத்துக்குப் பணம் கொடுத்தது பிரித்தானிய எரிவாயு வணிகச் சங்கம். பழைய சேரிகள் இடிக்கப்பட்டு எரிவாயு வசதியுள்ள புதிய குடியிருப்புகள் எழுவது அச்சங்கத்துக்கு நலம் தருவது. சேரி மக்களின் முறைப்பாடு அந்நலத்தோடு ஒத்துப்போனதனால் அது கேட்கப்பட்டது. தேயிலைத் தொழிலாளியின் முறைப்பாடோ தேயிலைப் பிரசார சபையின் நலத்தோடு ஒத்துப்போகக் கூடியதன்று.

அம்முறைப்பாடு அன்று இல்லாததுமன்று. பொருளாதார மந்தத்தைக் காரணங் காட்டித் தோட்டத் தொழிலாளரின் கூலி குறைக்கப்பட்ட காலம் அது. கோ. நடேசய்யர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிப் போராடி வந்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளர் துயரைப் பாடல்களாகப் பாடி மக்களை எழுப்பி வந்தார். இறப்பர்க் காட்டிலும் தேயிலை மலையிலும் நாட்டார் பாடல்கள் ஒலித்தன. இலங்கையின் பாடல் எனப் பெயர் சூடிய படம் எடுக்கப்பட்ட காலத்திலேயே மலைகளில் வேறொரு பாடலும் எழுந்துகொண்டிருந்தது. அது தூரத்துப் பார்வையாளனைச் சென்றடையவில்லை.

இவ்வாறு ரைட்டைக் குறை கூறுவது எனக்கு எளிதாயிருந்தது, சென்ற ஆண்டு வரை. சென்ற ஆண்டு நானும் நண்பர் மூவரும் லய வாழ்க்கை பற்றிப் பன்னிரண்டு நிமிடக் குறும்படமொன்றை வெளிநாட்டுப் போட்டியொன்றுக்காக எடுத்தோம். முதிய பெண் தொழிலாளி ஒருவர் நான்கு நிமிடங்கள் தொடர்ந்து பேசினார். நாட்கூலி, நிறுவையிற் கழிக்கப்படும் கிலோக்கள், கொழும்பில் கடைவேலை செய்யும் மகன் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பிணைத்தே அவர் கூறினார். அவ்வளவையும் திரையின் அடியில் ஈரடி ஆங்கிலத்தில் அடக்க எங்களால் முடியவில்லை. மகனைப் பற்றிய பேச்சு வெளிநாட்டாருக்குக் குழப்பமூட்டும் என்று முடிவு செய்து நாற்பது வினாடிகளை மட்டும் வைத்துக்கொண்டோம். படத்தைத் தொலைபேசியில் அவருக்குக் காட்டியபோது, “நான் சொன்னது இதுல பாதிகூட இல்லையே தம்பி” என்றார். அதற்கு நாங்கள் விடை கூறவில்லை. படம் அப்போது அனுப்பப்பட்டுவிட்டது. எங்களுக்குக் கருவியின் பாரம் இருக்கவில்லை. மொழி தெரியாமலும் இருக்கவில்லை. பணம் கொடுத்த சபை எதுவும் எங்கள் பின்னால் நிற்கவுமில்லை. தூரத்துப் பார்வையாளன் என்ற கற்பனை மனிதன் ஒருவனே எங்கள் கத்தரிக்கோலை இயக்கினான்.

இக்கற்பனை மனிதனை எதிர்கொள்ள இரு கலைஞர்களின் அனுபவம் நமக்கு உதவும். 1969இல் இந்தியாவைப் பற்றி ஏழு பகுதிகளில் ‘இந்தியா என்னும் மாயை’ என்று பொருள்படும் தலைப்பிற் படமெடுத்த பிரெஞ்சுக் கலைஞர் லூயி மால், உரையைத் தம் குரலிலேயே வழங்கி, தாம் புரிந்துகொள்ளாதவற்றைப் புரியவில்லை என்றே கூறினார். அப்படத்தைப் பிபிசி ஒளிபரப்பியபோது இந்திய அரசு சினமுற்றது. 1970இல் பிபிசியின் டில்லி அலுவலகம் மூடப்படும் நிலை உண்டாயிற்று. ஆகவே அடக்கமான குரலும் காட்டப்படுவோரைத் திருப்திப்படுத்திவிடுவதில்லை. எனினும் பேசுபவன் யார், எங்கு நின்று பேசுகின்றான் என்பது மாலின் படத்தில் மறைக்கப்படவில்லை. நொக்ஸின் முகமூடி அங்கில்லை.

மற்றவர் றொபேட் பிளஹேட்டி. 1922இல் வெளியான அவரது ‘நனூக் ஒவ் த நோர்த்’ பல புனைவுகளைக் கொண்டது. நாயகனின் பெயரே புனைபெயர். ஒளி வேண்டிப் பனிவீட்டின் ஒரு பக்கம் திறந்து விடப்பட்டது. உரோம வணிக நிறுவனமொன்றே அதற்கும் பணம் கொடுத்தது. ஆயினும் பிளஹேட்டி படச்சுருளை அவ்விடத்திலேயே கழுவி, அதில் தோன்றிய இனுயிற் மக்களுக்கே திரையிட்டுக் காட்டினார். அதன் பின்னர் அவர்கள் அடுத்த காட்சிகளைத் திட்டமிடுவதிற் பங்குகொண்டனர். நியூயோர்க் பார்வையாளருக்கு முன்னதாக அவருக்கு ஒரு பார்வையாளர் கூட்டம் இருந்தது. புனைவுகள் மலிந்த ஒரு படத்தில் இந்நேர்மையும் இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

‘சோங் ஒவ் சிலோன்’ அழகிய படம் என்பதை மறுக்க இக்கட்டுரை எழுதப்படவில்லை. அதன் அழகை ஏற்ற பின்னரும் எஞ்சும் வினா ஒன்றுண்டு: அப்படத்திற் கொழுந்து பறித்த பெண்களின் லயத்தில் அதனைத் திரையிட்டிருந்தால் அவர்கள் என்ன கூறியிருப்பர்? வெளிநாட்டு விழாக்களுக்குப் படம் எடுக்கும் ஆர்வம் நம் பல்கலைக்கழக மாணவரிடையே வளர்ந்து வரும் இக்காலத்தில், இவ்வினாவை ரைட்டிடம் மட்டுமன்றி நம்மிடமும் கேட்டுக்கொள்ளல் வேண்டும். படத்தொகுப்பை முடிப்பதற்கு முன்னரே, அனுப்பிய பின்னரன்று, படத்தில் உள்ளோரிடம் அதனைக் கொண்டுசெல்வோம். அவர்கள் பாதி என்று கூறினால் மறுபாதிக்கும் இடம் தேடுவோம். அடுத்த விடுமுறையில் நாங்கள் அத்தோட்டத்துக்கு மீண்டும் செல்லவிருக்கின்றோம். நான்கு நிமிடப் பேச்சும் எங்களிடம் வெட்டப்படாது இருக்கின்றது.